வோட்டுக்கு முன்னாடி எழுதின ஒரு தாள்

2024 ஓகஸ்ட் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். லுணுகலை டவுனிலிருந்து மேலே ஏறி வந்தால் எங்கள் தோட்டத்துக் கோயில். அதன் திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒருத்தன் கொழும்பில் கடையில் நிற்கிறான், லீவில் வந்திருந்தான். ஒருத்தி மலையில் கொழுந்தெடுக்கிறாள். இரண்டு பேர் ஏ.எல். எழுதிவிட்டு வேலை தேடுகிறவர்கள். மற்றவன் த்ரீவீல் ஓட்டுகிறான். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். எங்களில் ஐந்து பேருக்கு அதுதான் முதல் ஜனாதிபதி வோட்டு. த்ரீவீல்காரன் மட்டும் 2019இலும் போட்டவன். எங்கள் வீடுகளில் வழக்கம் என்னவென்றால், சங்கம் ஒரு பெயரைச் சொல்லும், அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார், அத்தோடு முடிந்தது. இந்தத் தடவை அந்தப் பெயர் வீட்டுக்கு வந்து சேருமுன் நாங்களே யோசித்துப் பார்ப்போம் என்றுதான் கூடினோம். சீ.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தோம். மேலே 'தலைவருக்கு இருக்க வேண்டிய குணங்கள்' என்று தலைப்புப் போட்டோம்.

கால் மணித்தியாலத்தில் தாள் நிறைந்துவிட்டது. நேர்மை. படிப்பு. தைரியம். களவெடுக்காதவர். இனவாதம் பேசாதவர். மூன்று பாசையும் தெரிந்தவர். அனுபவம். ஏழைகள் மேல் இரக்கம். சொன்னதைச் செய்கிறவர். உடனே முடிவெடுக்கிறவர். இப்படிப் பன்னிரண்டு.

எழுதி முடித்து ஒருத்தி சத்தமாக வாசித்தாள். வாசித்து முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்சிப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. "இதுல எது இல்லேன்னு எந்த வேட்பாளர் சொல்லுவான்?" என்றான் கொழும்புக்காரன். டவுன் மதில்களில் ஒட்டியிருந்த எல்லா நோட்டீசுக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். போட்டியில் 38 பேர். 38 பேரும் தங்களை இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அப்போ இந்தத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படித் தெரிவு செய்வது?

அங்கேதான் எங்கள் பேச்சு உண்மையில் தொடங்கியது.

'தலைவர்' என்ற சொல்லை நாங்கள் முதலில் கேட்டது ஜனாதிபதியைப் பற்றி இல்லை. எங்களுக்குத் தலைவர் என்றால் தோட்டத் தலைவர். சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர். கங்காணி யாருக்காவது அரைப்பேர் போட்டுவிட்டால் துரையிடம் போய்ப் பேசுகிறவர் அவர். நடுச்சாமத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் நிற்கிறவர். நல்ல தலைவர் என்றால் கூப்பிட்டால் வருகிறவர், துரைக்குப் பயப்படாதவர், நம்ம ஆள். அவருக்கு இந்தக் குணங்கள் போதும்.

எங்கள் பன்னிரண்டையும் திரும்பப் பார்த்தபோது தெரிந்தது, ஜனாதிபதியிடமும் நாங்கள் இதைத்தான் தேடியிருக்கிறோம். நம்ம கஷ்டம் தெரிந்தவரா, நம்ம லயத்துக்கு வந்தாரா, பிள்ளையைத் தூக்கினாரா, நம்ம வீட்டு ரொட்டியைச் சாப்பிட்டாரா. தேர்தல் காலத்தில் அவர்களும் அதைத்தான் செய்து காட்டுகிறார்கள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு படம் எடுக்காத பெரிய வேட்பாளர் குறைவு.

த்ரீவீல்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பசறை ரோட்டைப் பற்றிப் பேசினான். 2021 மார்ச் 20ஆம் திகதி விடியக்காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த இடத்தில் மேலேயிருந்து உருண்டு வந்த ஒரு பெரிய கல் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதற்கு ஒதுங்கும்போதுதான் பஸ் சரிந்தது. இந்த ஊரில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆளே இல்லை. "அந்தக் கல்ல எடுக்கச் சொல்ற ஆளுதான்டா எனக்கு ஜனாதிபதி. மத்த குணமெல்லாம் எதுக்கு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பல்கலைக்கழகக்காரி கேட்டாள், "கல்லெடுக்கிறது ஜனாதிபதி வேலையா?" வீதிக்கு ஒரு அதிகார சபை இருக்கிறது. பிரதேச சபை இருக்கிறது, பிரதேச செயலகம் இருக்கிறது. ஜனாதிபதி சொன்னால்தான் கல் நகரும் என்றால், அடுத்த கல்லும் அவர் சொல்லும்வரை அங்கேயே கிடக்கும். அவன் விடவில்லை. "சரி, அந்த ஒபீஸ் எல்லாம் நம்ம சொன்னா கேக்கிற மாதிரி வைக்கிறது யாரு?" அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் முடிவான பதில் இல்லை. தாளின் மூலையில் 'கல்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம்.

ஆனால் அந்தச் சண்டையில் ஒன்று தெளிவானது. ஜனாதிபதி எங்கள் லயத்துக்கு வருவது தேர்தலுக்குத்தான். மற்ற ஐந்து வருசமும் அவருடைய கையெழுத்துதான் வருகிறது. வர்த்தமானியாக வரும், சட்டமாக வரும், ஒப்பந்தமாக வரும். அப்படியென்றால் ஆளைப் பற்றி யோசிக்கிறதை விட்டுவிட்டு, கையெழுத்துகளைப் பற்றி யோசித்தால் என்ன? முன்னே இந்த நாட்டை ஆண்டவர்கள் போட்ட கையெழுத்துகள் எங்கள் வீடுகளில் என்ன செய்தன என்று பார்த்தால், எந்தக் குணம் முக்கியம் என்று தெரிந்துவிடுமே.

முதலில் டி.எஸ். சேனநாயக்கவை எடுத்தோம். பள்ளிக்கூடத்தில் 'தேசபிதா' என்று படித்த பெயர். எங்கள் பட்டியலை அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுபவம் இருந்தது, பிரதமராகும் முன் பல வருசம் விவசாய அமைச்சர். உழைப்பு இருந்தது. தூரப் பார்வை இருந்தது. இங்கிருந்து பிபிலை தாண்டிப் போனால் இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டு, அவர் காலத்தில் தொடங்கிய வேலை. அந்தக் குளத்துக்கே சேனநாயக்க சமுத்திரம் என்றுதான் பெயர். பன்னிரண்டில் எட்டு ஒன்பது சரி போடலாம்.

அதே ஆளின் அரசுதான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றார்கள். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்து ஜனம் எதைக் காட்டும்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருசம் வோட்டும் போய்விட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போயிருந்தார்கள். 1952இல் ஒருவரும் இல்லை.

எங்கள் தாளில் இருந்த எந்தக் குணமும் அந்தக் கையெழுத்தைத் தடுக்கவில்லை. உழைப்பும் தூரப் பார்வையும் உள்ளவர் அதைத் தெளிவாகத் திட்டமிட்டே செய்தார்.

"சரி, நம்ம ஆளா இருந்தா?" என்று ஒருத்தன் கேட்டான். அதையும் பார்த்தோம். வடக்கின் தமிழ்த் தலைவர்களில் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அதை ஏற்காமல் வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இரண்டு பேரும் தமிழர்தான். மறுபக்கம் என்.எம். பெரேரா போன்ற சிங்கள இடதுசாரிகள் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார்கள். ஆனால் அதே என்.எம். நிதியமைச்சராக இருந்த அரசுதான் 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வது. மிச்ச ஆட்களைப் பிறகு பார்த்துக்கொள்வது. இரண்டு பிரதமர்கள் மேசையில் உட்கார்ந்து தலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தலைகளில் ஒன்றையாவது கூப்பிட்டு, நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் பாதிச் சொந்தம் பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது அப்படித்தான்.

அங்கே எங்களுடைய முதல் கேள்வி பிறந்தது. தாளின் பின்பக்கத்தில் எழுதினோம்: கையெழுத்துப் போடுமுன் யாரிடம் கேட்டார்?

அடுத்து 2019. த்ரீவீல்காரன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "நான் கோட்டாவுக்குத்தான் போட்டேன். வீட்ல யாருக்கும் தெரியாது. வேலை செய்ற ஆளுன்னு நம்பினேன்." அவனை யாரும் பரிகாசம் பண்ணவில்லை. 52 வீதத்துக்கும் மேல் நம்பித்தானே போட்டார்கள். உடனே முடிவெடுக்கிறவர் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட பெரிய குணம். எங்கள் தாளிலும் அது பத்தாவது இடத்தில் இருந்தது.

அவருடைய தேர்தல் அறிக்கையில் பத்து வருசத்தில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று இருந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார். உடனே முடிவெடுத்தார், உண்மைதான். கொழுந்தெடுக்கிறவள் அந்தக் காலத்தை எங்களுக்குச் சொன்னாள். பசளை இல்லாத மலையில் கொழுந்து துளிர்க்காது. துளிர்க்காத மலையிலும் கேட்ட கிலோ கேட்டதுதான். கிலோ வராவிட்டால் அரைப்பேர். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருசம் 25 கோடி கிலோவாக இறங்கியது என்பது கணக்கு. அவளுக்கு அது அம்மாவின் சம்பளத் துண்டு. தடையைத் தளர்த்த அந்த வருச நவம்பர் ஆகிவிட்டது. அது பிழை என்று அவர் தன் வாயால் ஒத்துக்கொண்டது 2022 ஏப்ரலில். ஜூலையில் நாட்டைவிட்டே போய்விட்டார்.

பிழை செய்யாத தலைவர் கிடைக்கமாட்டார் என்று எங்களுக்கும் தெரியும். பிழை என்று கீழே இருக்கிறவர்கள் கத்தும்போது அது எத்தனை நாளில் மேலே கேட்கிறது என்பதுதான் விசயம். இரண்டாவது கேள்வியை எழுதினோம்: பிழை என்று தெரிந்தபின் திருத்த எவ்வளவு காலம் எடுத்தார்? 'உடனே முடிவெடுக்கிறவர்' என்பதை முன்பக்கத்தில் வெட்டிவிட்டோம். வெட்டியது த்ரீவீல்காரன்தான்.

இருட்டிவிட்டதால் ஏ.எல். எழுதிய ஒருத்தியின் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அம்மாயி அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். எண்பது தாண்டியவர். நாங்கள் தாளை வாசித்துக் காட்டியதும் சிரித்தார். அவர் முதல் தடவை ஜனாதிபதித் தேர்தலில் வோட்டுப் போட்டது 1994இல், ஐம்பது வயசுக்கு மேல். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்கு முன் 1982இலும் 1988இலும் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது இந்த லயத்தில் வோட்டு உள்ளவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

"அப்பல்லாம் எங்க லயத்துக்கு ஒருத்தன் வரமாட்டான் ஆயா. நோட்டீசுகூட ஒட்டமாட்டான். வோட்டு வந்த பொறகுதான் கும்புட ஆரம்பிச்சாங்க" என்றார். "இப்ப கும்புடுறவன் எல்லாம் நல்லவனாத்தான் தெரிவான். வோட்டு இல்லாத காலத்துல நம்மள மனுசனாப் பாத்தவன் யாருன்னு பாருங்க. அவன் மாதிரி ஆளத் தேடுங்க."

மூன்றாவது கேள்வியைச் சொன்னது அவர்தான்: தனக்கு வோட்டுத் தராத, தர முடியாத ஆட்களுக்கு இவர் என்ன செய்தார்?

முதலில் இது பழைய கதைக்கான கேள்வி என்று நினைத்தோம். இப்போது எல்லாருக்கும் வோட்டு இருக்கிறதே. ஆனால் அந்த வீட்டிலேயே பதில் இருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா சவூதியில் வீட்டுவேலை செய்கிறார். இலங்கையில் வெளிநாட்டிலிருந்து வோட்டுப் போட வழி கிடையாது. நாட்டுக்கு டொலர் அனுப்புகிற அவருக்கு இந்தத் தேர்தலில் எந்த வேட்பாளரும் பயப்படத் தேவையில்லை. பதினெட்டு ஆகாத பிள்ளைகளுக்கு வோட்டு இல்லை. கொழும்புக் கடைகளில் நிற்கிற எங்கள் பையன்களுக்கு வோட்டு இருந்தும் முதலாளி லீவு தந்தால்தான் உண்டு. கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாசாக்களைக் கட்டாயமாக எரித்தார்களே, அந்த ஜனங்களுக்கு வோட்டு இருந்தது. ஆனால் அன்றைக்கு ஆண்டவர்களுக்கு அவர்களுடைய வோட்டுத் தேவைப்படவில்லை. தேவைப்படாத ஆட்களிடம் ஒருவர் எப்படி நடக்கிறார் என்பதில்தான் அவருடைய குணம் தெரிகிறது. எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் தேவைப்படாத ஆட்களாக நாற்பது வருசம் இருந்தவர்கள். இந்தக் கேள்வியை நாங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

அடுத்த மூன்று கிழமையும் அந்த மூன்று கேள்விகளோடு திரிந்தோம். இது நாங்கள் நினைத்த மாதிரி லேசான வேலை இல்லை. பேச்சுகளைக் கேட்பதை விட்டுவிட்டு, பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடினோம். இந்த ஆள் பாராளுமன்றத்தில் எதற்குக் கை தூக்கினார், அமைச்சராக இருந்தபோது எதில் கையெழுத்துப் போட்டார், எதிர்க்கட்சியில் இருந்தபோது யாருக்காகப் பேசினார் என்று பார்த்தோம். சம்பளத்தையும் பார்த்தோம். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கடைசியில் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று முடிந்தது. அறிவித்த தொகையை மட்டும் பார்க்காமல், கம்பனிகள் வழக்குப் போடும் என்று தெரிந்தும் அதற்கு என்ன ஏற்பாடு செய்திருந்தார் என்று கேட்கப் பழகினோம். முதல் கேள்வியின் இன்னொரு பக்கம் அது.

பெரிய சண்டையும் வந்தது. 38 பேரில் நம்ம மலையகத்து ஆளும் ஒருவர் இருந்தார், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜா. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் பா. அரியநேத்திரன் நின்றார். "வெல்லமாட்டாங்கன்னு தெரியும். ஆனா நம்ம கதையச் சொல்றதுக்கு வேற யாரு இருக்கா?" என்றாள் பல்கலைக்கழகக்காரி. "சொல்றதுக்கு ஒரு வோட்டு, ஆள்றதுக்கு ஒரு வோட்டுன்னு ரெண்டா இருக்கு நம்மகிட்ட?" என்றான் கொழும்புக்காரன். யோசித்துப் பார்த்தால், ஒரு மாதிரியாக இருந்தது. எங்கள் சட்டத்தில் 1, 2, 3 என்று விருப்பம் போடலாம். அதுவரை அதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மனசுக்கு ஒன்று, அடுத்தது இரண்டு என்று போடலாம் என்று தெரிந்ததும் சண்டை பாதி அடங்கியது. இன்னொன்றை அன்றைக்குத்தான் கவனித்தோம். அந்த நீள வாக்குச்சீட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கொழுந்தெடுக்கிறவள் சிரித்துவிட்டு, "யார்கிட்ட கேட்டாருன்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தானே" என்றாள்.

21ஆம் திகதி எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் வோட்டுப் போட்டோம். ஆறு பேரும் ஒரே ஆளுக்குப் போடவில்லை. மூன்று கேள்விகளும் ஒன்றாக இருந்தும் பதில் வேறு வேறாகத்தான் வந்தது. ஆளாளுக்கு ஒரு கேள்வி மற்றதைவிடக் கனமாக இருந்திருக்கும். யாருக்குப் போட்டோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. பதுளை மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முன்னுக்கு வந்தார். நாடு முழுக்கப் பார்த்தால் அநுர குமார திசாநாயக்க 42 வீதத்தோடு முதலிடம். யாருக்கும் பாதி கிடைக்காததால், இந்த நாட்டுச் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அதிலும் அநுரவே வென்றார்.

தாளை நாங்கள் எறியவில்லை. அம்மாயி வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறது. வென்றவருக்கும் அதே மூன்று கேள்விதான். 2025 பட்ஜெட்டில் சம்பளத்தை 1,700 ரூபாவுக்குக் கொண்டுவர நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார்கள். அதே தொகை, அதே கம்பனிகள். போன தடவை எங்கே மாட்டியது என்று தெரிந்தவர்கள் இந்தத் தடவை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். லயத்துக் காணி, வீட்டு உறுதி என்று கேட்கவேண்டிய கையெழுத்துகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பேனை வைக்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா என்பதையும் குறித்து வைப்போம்.

நீங்களும் உங்கள் ஊரில் இப்படி ஒரு தாள் எழுதிப் பாருங்கள். முன்பக்கம் குணங்கள், பின்பக்கம் உங்கள் வீட்டுக்கு வந்த கையெழுத்துகள். பின்பக்கத்தை எழுதும்போது வீட்டில் உள்ள மூத்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் எழுதிய 'கல்' மட்டும் இன்னும் கேள்விக்குறியோடுதான் இருக்கிறது. த்ரீவீல்காரன் பசறைப் பக்கம் ஹயர் போய் வரும்போதெல்லாம், ரோட்டில் மண்ணோ கல்லோ விழுந்து கிடந்தால் போனில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புகிறான். அதை எந்த ஒபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம்.